கலர் விலகிய லட்சுமி

உன் டிரங்குப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தேன். நீ போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, திறக்கச் சொல்லி நம் மகள் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சாவி கிடைக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். சாவி என் சட்டைப் பையிலேயேதான் கிடந்தது. பொய் சொல்லும்போது நான் இடது காதைச் சொறிவேன் என்பது உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, பாவம், சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு பேப்பர் குழாய் இருந்தது. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன். பட்டாசுக் கம்பெனிக்கு நீ வீட்டில் உட்கார்ந்து உருட்டிக் கொடுப்பாயே, அதே அளவு. மூக்கில் வைத்துப் பார்த்தேன். மைதாப் பசை வாசம் இத்தனை வருடம் நிற்குமா என்ன, பாச்சை உருண்டை நெடிதான் அடித்தது. ஆனாலும் பசைச் சட்டியும் உருட்டுகிற கம்பியும் நீயுமாக அந்த மூலை கண்முன் வந்துவிட்டது.

நீ வழக்கமாக உருட்டியது பழுப்புத் தாளில். இது காலண்டர் தாள். வெளிப்பக்கம் லட்சுமியின் பாதி முகம். மூக்கு ஓரிடத்தில், மூக்குத்தி ஓரிடத்தில். சிவப்பு மை ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தது. அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். பிரஸ்ஸில் நான் ஓட்டிக் கெடுத்த தாள். முதலாளி அன்றைக்குத் திட்டிய திட்டுக்கு லட்சுமியே இறங்கி ஓடியிருப்பாள். வேஸ்ட் தாள்தானே என்று ஒரு சுருள் கட்டி உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன்.

குழாயை வாயில் வைத்து ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நம் கதையில் எனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

கல்யாணமான புதிதில் சிவகாசியில் அண்ணன் வீட்டில் இருந்தோம். உள்ளது ஒரே அறை. அதில் அண்ணன், மதினி, பிள்ளைகள். அடுப்படியை ஒட்டிய நடையில் நாம் இருவர். நடுவில் மதினியின் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கும். நான் புரண்டு படுத்தால் அந்தப் பக்கம் அண்ணன் இருமுவார். நீ எதற்காவது சிரித்துவிட்டால் மதினி குரல் வரும்: "என்ன பிள்ள, எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்பம்ல." நல்ல மனுஷிதான். ஆனால் நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாய்.

ஒரு நாள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாய்: "எனக்கு நகை வேண்டாம், சேலை வேண்டாம். உள்ள இருந்து தாப்பாப் போடுற மாதிரி ஒரு கதவு வேணும். அம்புட்டுத்தான்."

கதவு வேண்டுமென்றால் வாடகை வீடு வேண்டும். அதற்கு அட்வான்ஸ் ஐயாயிரம். என்னுடைய நாலு மாதச் சம்பளம். அந்தச் சம்பளமும் முழுதாக வீடு வந்து சேராது. வருகிற வழியில் டீக்கடை, சிகரெட், சனிக்கிழமை பரோட்டா என்று ஆங்காங்கே அதற்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மிச்சத்தை உன்னிடம் கொடுப்பேன். நீ அரிசி டின்னுக்குள் போட்டு வைப்பாய். அந்த டின்னுக்குள்ளும் நான் கையை விட்டுப் பத்து, இருபது எடுப்பேன். நீ ஒருநாளும் கேட்டதில்லை. உனக்குத் தெரியாமல் எடுக்கிற சாமர்த்தியம் எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். டின்னில் கிடந்தது எனக்கென்று நீ ஒதுக்கிய பங்கு என்பது பிறகுதான் புரிந்தது. சேமிப்பு வேறு இடத்தில் இருந்தது.

ஆடி வெள்ளிக்கு மதினியோடு நீ இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனாய். அன்றைக்கு மிஷின் ரிப்பேர், எனக்கு வேலை இல்லை. வீட்டில் நீ உருட்டி முடித்த குழாய்க் கட்டுகள் அடுக்கியிருந்தன. உன் பாரத்தைக் குறைப்போம் என்று எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. எனக்கு நல்ல எண்ணம் வந்தால் வீட்டில் யாருக்காவது கெடுதல் நடக்கும் என்று அதற்குப் பிறகு நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். கட்டுகளை எல்லாம் சைக்கிளில் ஏற்றி, எம். புதுப்பட்டி ஏஜெண்டிடம் போட்டுவிட்டுக் கூலியையும் வாங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில், சாத்தூரில் வாங்கிய காராச்சேவுப் பொட்டலத்தோடு நீ வந்து நின்றாய். நான் பெருமையாகக் கூலியை நீட்டினேன். நீ அதை வாங்கவில்லை. மூலையைப் பார்த்தாய்.

"சேலைக்குப் பின்னால தனியா ஒரு கட்டு இருந்துச்சே?"

"அதையும் சேத்துத்தான் போட்டேன். நீ எண்ண மறந்துட்டன்னு நெனச்சேன்."

"அதையுமா கொண்டு போயிட்டீக?"

"ஏன், அது வேற கம்பெனியோடதா?"

"அது நம்ம கம்பெனியோடது" என்று சொல்லிவிட்டு நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். அந்தக் கட்டின் நடுவே ஒரு குழாய்க்குள், ஒரு வருடமாகச் சேர்த்த இரண்டாயிரத்து இருநூறு ரூபாயைச் சுருட்டி வைத்து, இரண்டு முனையையும் அடைத்து வைத்திருந்தாய். குழாய்க் குவியலில் குழாயை எந்தத் திருடன் தேடுவான்? நீ போட்ட திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்குள் நான் இருப்பேன் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாய்.

கோயிலுக்குக் கொண்டுபோன ஒயர் கூடையோடு அப்படியே உன்னைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து ஏஜெண்டிடம் ஓடினேன். "காலையிலயே லோடு போயிருச்சேப்பா" என்றார். தாயில்பட்டிப் பக்கம் கம்பெனிக்கு மிதித்தேன். நீ திட்டியிருந்தால் எனக்கு மிதிப்பது சுலபமாக இருந்திருக்கும். கேட்டில் தீப்பெட்டி, சிகரெட், செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். மருந்து அறைகளிலிருந்து தள்ளி, வெறும் குழாய்கள் போட்டு வைக்கும் ஷெட். உள்ளே ஆள் உயரத்துக்குக் குவியல். கட்டுகளை எல்லாம் பிரித்துக் கொட்டியிருந்தார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்த அக்கா விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டது. "கம்பெனிதான் நமக்குச் சம்பளம் குடுக்கும். நீ கம்பெனிக்கே சம்பளம் குடுத்திருக்கயே தம்பி" என்றது.

"ஊதிப் பாருங்க. காத்து போகாதது நம்மளது" என்றாய் நீ.

சாப்பாட்டு நேரம். வேலை செய்கிற பெண்கள் தூக்குவாளியைத் தள்ளி வைத்துவிட்டு நம்மோடு உட்கார்ந்து ஊதினார்கள். இருபது பேர், கன்னம் உப்ப, ஆளுக்கொரு குழாய். "கல்யாணத்துக்கு நாயனம் ஊதுனாகளோ இல்லயோ, இப்ப நாங்க ஊதுறம்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஊதி ஊதித் தலை சுற்றியது, கண்ணில் தண்ணீர். அது ஊதியதால் வந்த தண்ணீர் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். காதையும் சொறிந்திருப்பேன்.

திடீரென்று நீ எழுந்தாய். சேலையைத் தட்டிவிட்டு, "போதும், வாங்க போவம். இருட்டிரும்" என்றாய். மணி இரண்டுகூட ஆகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வீடு வரும் வரை ஒயர் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாய். துக்கத்தை அடக்குகிறாய் என்று நினைத்தேன். பாதி வழியில்தான் வாயைத் திறந்தாய்: "விடுங்க. தீவாளிக்கு யார் வீட்டு ராக்கெட்டாச்சும் கூடுதலா ரெண்டாயிரத்து இருநூறு அடி மேல போகும்."

அன்றைக்குக் கேட்டில் கொடுத்த சிகரெட்டை நான் திரும்ப வாங்கவே இல்லை. பரோட்டாக் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. காலண்டர் சீசனில் ஓவர்டைம் பார்த்தேன். கவரைப் பிரிக்காமல் உன் கையில் கொடுத்தேன். எட்டாவது மாதம் நீ ஐயாயிரத்தையும் எண்ணி வைத்தாய். புது வீட்டுக்குப் போன முதல் நாள் நீ சாமி படத்தைக்கூட மாட்டவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய், எடுத்தாய், மறுபடி போட்டாய். பிறகு காரணமே இல்லாமல் சத்தம்போட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு இருமுவதற்கு ஆள் இல்லை.

இருபத்தைந்து வருடமாக இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தொலைத்தவன் நான், ஒற்றை ஆளாகத் திரும்பச் சம்பாதித்தவனும் நான் என்று. நீ பக்கத்தில் நின்று, "ஆமா, அவுகதான்" என்பாய். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்றவன் நான். எட்டு மாத ஓவர்டைமையும் குடிக்காத சிகரெட்டையும் போன வாரம்தான் தாளில் கூட்டிப் பார்த்தேன். உன் கூலியைச் சேர்த்து எப்படிக் கூட்டினாலும் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. மீதி இரண்டாயிரம் எங்கிருந்து வந்தது?

விருதுநகரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். "உங்கம்மா பெட்டியில ஒரு குழாய் இருக்கு பாப்பா" என்று ஆரம்பித்ததும் சிரித்துவிட்டாள்.

"லட்சுமி போட்டதா? அம்மா எப்பவோ சொல்லிட்டாகப்பா. ஷெட்டுல பத்தாவது நிமிசமே கையில மாட்டிருச்சாம். கலர் தாளுன்னு அம்மா யார்ட்டயும் மூச்சு விடல, அவுக கண்ணுக்கு மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கு."

"பெறகு ஏன் என்னை ஊத விட்டா?"

"'தொலைச்ச மனுசன் சேத்து வப்பாரு, கெடச்சிருச்சுன்னா பரோட்டா திங்கப் போயிருவாரு'ன்னு சொன்னாக."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு சரியாக ஒருத்தி கணித்திருந்தால் என்ன செய்ய முடியும்?

மகள் குரலைத் தாழ்த்தினாள். "இத உங்க மாப்பிள்ளைட்ட மட்டும் சொல்லிராதீகப்பா."

மாப்பிள்ளையைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். நல்ல பையன், பருப்பு மண்டியில் வேலை. கை மட்டும் ஓட்டை, அந்த வயதில் எனக்கு இருந்த அதே ஓட்டை. மகள் இப்போது ஆறு மாதம். பிரசவத்துக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு புது போன் வாங்கக் கிளம்பி, வழியில் பஸ்ஸில் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து டீக்கடைக்குக்கூடப் போவதில்லையாம். அவனைத் தேற்ற நான்தான் நம் குழாய்க் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஏன் சொல்லக்கூடாது?" என்றேன்.

"அந்தப் பணம் பஸ்ஸுல தொலையல. கெளம்புறதுக்கு முன்னாலயே அவர் டிபன் பையில இருந்து நான் எடுத்துட்டேன். பீரோவுல பத்திரமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "மாமா, உங்க பணம் கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்லியா?"

லட்சுமிக் குழாய் அவன் தலைக்கு மேலே அலமாரியில்தான் இருந்தது.

"இல்ல மாப்பிள்ள. ராக்கெட்டோட போயிருச்சு" என்றேன்.

இடது காது அரித்தது. இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒயர் கூடையை நீ பிடித்திருந்த மாதிரி, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.