வரிக்காகப் போட்ட பாலிசி

மார்ச் 12, புதன். சிதம்பரம் ஆஸ்பத்திரி.

நாளைக் காலை என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். அவருடைய ஆயுள் காப்பீட்டைப் பற்றிக் கேட்க, கடலூரில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் என் தம்பிக்கு மதியம் போன் செய்தேன்.

"புது வரி முறையில இதுக்குக் கழிவு கெடையாதுன்னு மாமா கட்டுறதையே நிறுத்திட்டாருக்கா. பாலிசி செத்துப்போச்சி."

"இப்பக் கட்டினா?"

"ஒடம்பு நல்லாருக்குன்னு டாக்டர் எழுதித் தரணுமேக்கா."

வார்டுக்குத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வரி மிச்சமாவும்னுதான் போட்டேன், செல்வி. சாவேன்னு நெனச்சா போட்டேன்?"

திட்டத்தான் வாயெடுத்தேன். "ஒண்ணும் ஆவாது, தூங்குங்க" என்றுதான் வந்தது.

தூங்கிவிட்டார். வரிக்கு வரி நிறுத்தி, அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.