மூன்று வாரம் தாழ் போடாத கதவு

பிளெட்டென்பெர்க்,
ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு

என் செல்லம் மெர்லேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, உன் அப்பாவின் முழங்கால் வலிகூட மழை விட்டதும் அடங்கிவிட்டது, நீயும் அந்த நார்வேக் குளிரில் சளி இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். நல்ல சேதி இதோடு முடிந்தது. மீதியைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், நீ "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றதும் வானிலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் நீ குறுக்கே பேசாமல் முழுதும் கேட்பாய், நானும் பாதியில் அழுது மழுப்ப முடியாது.

தொழிற்சாலையில் எழுபது பேரைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஜனவரியில் சொன்னேன் அல்லவா, அது நடந்துவிட்டது. பூட்டு வேலையில் பாதி ஸ்லோவாகியாவுக்குப் போகிறது. தொழிலாளர் குழுத் தலைவி, ஐந்து நாட்டுக் கிளைகளின் ஆட்களும் கூடிய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து கதை கதையாகச் சொன்னாள். பிரான்ஸ்காரர்கள் வாசலில் டயரை அடுக்கி லாரியை மறித்துவிட்டார்களாம். டென்மார்க்காரர் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்ல போகச் சொன்னா சீக்கிரமே போயிடணும், ஆனா அரசாங்கம் சோறு போட்டு இன்னொரு தொழிலும் கத்துக்கொடுக்கும்" என்றாராம். ஸ்லோவாகியாப் பெண் கூட்டம் முடியும்வரை தலையே நிமிரவில்லையாம், பாவம், அவள் என்ன செய்வாள். நம் நாட்டில் டயரும் இல்லை சிரிப்பும் இல்லை, புள்ளிக் கணக்குத்தான். முதலாளி தனக்குப் பிடிக்காதவன் பக்கம் விரலை நீட்டிவிடக் கூடாது என்று சட்டம். அதனால் வயதில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி, வேலை செய்த வருடத்துக்கு ஒரு புள்ளி, கட்டிய மனைவிக்கு எட்டு, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நான்கு. யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கு வேலை போகும். பூட்டு வார்க்கும் அச்சுகளைச் செய்கிற அப்பாவின் பட்டறையில் நான்கு பேர், அதில் ஒருவர் போக வேண்டும் என்றார்கள். அந்த நால்வரில் இருவர் வயதானவர்கள், புள்ளி நிறைய, அவர்களை யாரும் தொட முடியாது. மிச்சம் உன் அப்பாவும் லோதர் மாமாவும்.

ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி நின்ற மாமாவுக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் இப்படி ஒரு தராசு வரும் என்று யார் நினைத்தது. மாமா பதினெட்டு வயதில் சேர்ந்தவர், வருடக் கணக்கில் அப்பாவைவிட எவ்வளவோ மேலே. ஆனால் ஹைகேயோடு பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியும் பதிவு செய்துகொள்ளாத மனிதர் ஆயிற்றே, மனைவிக்குப் புள்ளி கிடையாது, அவளுடைய இரண்டு பையன்களை இவர்தான் வளர்த்தார் என்பதற்கும் கிடையாது. தலைவியே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வாரமே போய்ப் பதிவு பண்ணிக்க" என்றாளாம். அதற்கு மாமா, "புள்ளிக்காகக் கல்யாணமா? ஹைகே கரண்டியாலேயே மண்டையில போடுவா" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாராம். அப்பா வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரியில் எல்லோருடைய வீட்டுக்கும் ஒரு தாள் வந்தது. பணியாளர் அலுவலகத்தில் இருக்கும் விவரங்கள் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். அதில் உன் பெயர் இருந்தது, பக்கத்தில் "மருத்துவம் படிக்கிறார்" என்று இருந்தது. நீயோ அக்டோபரிலேயே படிப்பை விட்டு, அதற்குள் நான்கு மாதம் ஆகியிருந்தது. நீ விட்டதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன், ஆனால் ஊரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை மெர்லே. ரொட்டிக் கடையில், சர்ச்சில், எங்கே யார் கேட்டாலும் நாலாவது வருஷம் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். அந்தத் தாளைப் பார்த்ததும் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை அடிச்சிடணும் ரோஸ்வித்தா" என்றார். நான்தான் சொன்னேன், "நாம ஒண்ணும் பொய் எழுதலையே, அவங்க எழுதினதை அழிக்காம விடுறோம், அவ்வளவுதானே" என்று. இதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்குத் தொண்ணூற்றிரண்டு, மாமாவுக்குத் தொண்ணூறு. உன்னுடைய நான்கு இல்லாவிட்டால் அப்பாவுக்கு எண்பத்தெட்டுத்தான்.

மார்ச் கடைசி வியாழக்கிழமை மாமா கையில் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், போடாவிட்டால் அது சரியென்றே ஆகிவிடும், அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது. அந்த மூன்று வாரமும் இந்த வீட்டில் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். தினமும் அப்பா "இன்னிக்குப் போய்ச் சொல்லிடறேன்" என்பார், தினமும் நான் ஒன்று கண்டுபிடிப்பேன். லோதர் நல்ல கைத்தொழில்காரர், எங்கே போனாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பேன். உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயது, உங்களை யார் எடுப்பார் என்பேன். மாமாவுக்கு உங்களைவிட இரண்டு வயது கூட என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். கடைசி நாள், பெரிய வியாழன், அப்பா வேலையிலிருந்து வந்தவர் கோட்டைக் கழற்றாமலே நின்றார். "மணி நாலரை ஆச்சு, நீதிமன்ற அலுவலகம் நாலு மணிக்கே மூடியிருப்பாங்க, இனிமே போய் என்ன" என்றேன். அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீதிமன்ற வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது, நள்ளிரவுக்குள் அதில் போட்டால் அன்றைய தேதியில்தான் சேரும். அது தலைவி எல்லோருக்கும் சொன்ன விஷயம், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். இதை உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. சர்ச்சிலிருந்து திரும்பும்போது அப்பா நேராக மாமா வீட்டுப் பக்கம் திரும்பினார், நானும் பின்னாலேயே போனேன். கதவைத் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, தள்ளினதும் திறந்துகொண்டது. அந்த வீட்டில் நாம் உட்கார்ந்து காபி வராமல் இருந்தது உண்டா? அன்றைக்கு ஹைகே ஒரு கோப்பையும் எடுக்கவில்லை. மேஜைமேல் மனு டைப் செய்தபடி கிடந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. அப்பா திக்கித் திணறிச் சொல்ல ஆரம்பித்ததும் மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "டேய் எக்கார்ட், அது எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்னிக்கே மெர்லே போன் பண்ணிச் சொல்லிட்டா, மீன் பண்ணையில இருக்கேன் மாமா, சந்தோஷமா இருக்கேன்னு" என்றார். தினமும் "நம்ம டாக்டரம்மா எப்படி இருக்கா" என்று கேட்கிற மனிதர், கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தும் ஏன் மனுப் போடவில்லை என்று அப்பா கேட்டார், கேட்டாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் தூக்கி வளர்த்த பொண்ணு பேரைக் கோர்ட்டுல இழுத்து, உன்னைப் பொய்யன்னு சொல்லி இந்த வேலையை வாங்கணுமா? நீயா வருவேன்னு இருந்தேன்டா. மூணு வாரம் இந்தக் கதவைத் தாழ் போடலை. நேத்து வந்திருந்தாக்கூடப் போதும். இன்னிக்கு எதுக்கு வந்தே?" இவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹைகே என்னை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள், பெண்ணுக்குப் பெண் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை அப்பா பணியாளர் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நான் தடுக்கவில்லை. அந்த அதிகாரி கோப்பை மூடிவிட்டு, "கெடு முடிஞ்சுபோச்சு. நீங்க இப்ப சொல்றதால அவர் திரும்பி வரப்போறதில்லை, உங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். நான் எதுவும் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்" என்றாராம். வேலையோடுதான் அப்பா வீட்டுக்கு வந்தார். போயிருந்தால்கூட இவ்வளவு உடைந்திருக்க மாட்டார். இதில் இன்னொரு கொடுமை, முப்பத்தாறு வருடம் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஏழு மாத முன்னறிவிப்பு, அதனால் மாமா அக்டோபர் கடைசிவரை அதே பட்டறையில்தான் நிற்கப் போகிறார், அப்பாவுக்கு இரண்டு கை தூரத்தில். அரத்தைக் கொடு, விளக்கைத் திருப்பு, இதைத் தவிரப் பேச்சில்லையாம். அப்பா மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்.

இதில் உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதற்காகவே இவ்வளவும் எழுதினேன், வேறு யார் வாயிலாவது கேட்டு நீ உன்னையே நொந்துகொள்ளக் கூடாது. நாங்கள் கிளம்பும்போது மாமா வாசல்வரை வந்து, "மெர்லே மேல எனக்குக் கோபமில்லைன்னு சொல்லுங்க. உங்க வீட்டுல எனக்கு உண்மை சொன்னது அவ ஒருத்திதான்" என்றார். அவருக்கு நீ ஒரு கடிதம் போடு. உன்னுடையதைப் பிரிப்பார், எங்களுடையதைப் பிரிக்க மாட்டார். அங்கே உன் வேலை ஒப்பந்தத்தைப் புரியும்வரை படி, சங்கத்தில் சேர்ந்துகொள், உன்னைப் பற்றி எந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரியில்லை என்றால் அன்றைக்கே அடித்துவிட்டுத் திருத்திக் கொடு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், தண்ணீரில் நிற்கும்போது போட்டுக்கொள்.

நேற்று ரொட்டிக் கடைக்காரி, வழக்கம்போல டாக்டர் மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டாள். அவள் படிப்பை விட்டுவிட்டாள், நார்வேயில் மீன் பண்ணையில் வேலை செய்கிறாள் என்றேன். அப்படியா, மீன் நல்ல தொழில்தான் என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான் மெர்லே. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். அப்பாவின் அன்பும் இதில் இருக்கிறது, அவர் பேனாவைத் தொடமாட்டேன் என்கிறார்.

உன் அம்மா,
ரோஸ்வித்தா