பிந்திய உங்களுக்கு, பிந்தாத ஒருவரைப் பற்றி

இஞ்சருங்கோ,

எங்கே இருந்தாலும் இதைக் கொஞ்சம் கேளுங்கள். வீட்டில் சொல்ல ஆளில்லை. மகன் அஜக்ஸ் நகரத்தில் இருந்து ஞாயிறுகளில் வருகிறான். "அம்மா, எங்களோட வந்திருங்கோவன்" என்கிறான். நாங்கள் இருந்த இந்த டோர்செட் பார்க் வீட்டை விட்டு எப்படிப் போவேன்? உங்கள் சக்கர நாற்காலி உரசிய தடம் கதவு நிலையில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

அண்மையில் உங்கள் டொக்டர் போன் எடுத்தார். உங்களுக்கு வந்த அதே அபூர்வ வருத்தம் ஒரு தமிழருக்கும் வந்திருக்கிறதாம். முள்ளந்தண்டு நரம்பின் வேரடியில் இரத்தக்குழாய்கள் பிழையாக இணைந்து, போகக்கூடாத வழியில் இரத்தம் பாயும் வருத்தம். பஸ் ஓட்டும்போது உங்களுக்குக் கால் விறைத்ததை, டிஸ்க் விலகல் என்றுதானே எல்லாரும் நம்பினோம்? கண்டுபிடித்து ஒப்பரேஷன் செய்தபோது கால்கள் செயலிழந்துவிட்டிருந்தன.

அந்த மனிதர் ஒப்பரேஷனுக்குப் பயந்து மறுக்கிறாராம். அனுபவப்பட்ட ஒருவரோடு கதைக்க வேண்டும் என்று அவரே கேட்டாராம். அன்று பின்னேரமே ரவீந்திரன் என்று சொல்லிக்கொண்டு போன் எடுத்தார்.

"அக்கா, முதுகில வெட்டினா எழும்பவே மாட்டன் எண்டு பயமாக் கிடக்கு. உங்கட அவர் பிறகு நடந்தவரோ?"

நான் என்ன சொல்வேன்? ஒரு பொய் சொன்னால் துணிந்துவிடுவார். வாய் வரவில்லை.

"இல்லைத் தம்பி. கடைசி மட்டும் நடக்கேல்லை. போன மாரிக் குளிரில நியூமோனியா வந்து செத்துப்போனார். ஆனா அவருக்குப் பிந்திப் போச்சு. நீங்கள் இப்பவும் நடக்கிறியள் எல்லே? அந்தக் காலோடயே ஒப்பரேஷனுக்குப் போங்கோ."

மறுமுனையில் அழுகை கேட்டது. நானும் அழுதேன். நீங்கள் போனபிறகு இன்னொருவரோடு சேர்ந்து அழுதது அன்றுதான்.

ஒப்பரேஷன் முடிந்து தேறி, நேற்று ரவீந்திரன் வீட்டுக்கு வந்தார். பொல்லு ஊன்றி, ஆனால் நடந்து! என் கண் முகத்துக்குப் போகாமல் அவர் கால்களுக்கே போனது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு பொறாமை. ஏன் உங்களுக்கு இப்படி அமையவில்லை?

தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டார். லிப்ட் வரைக்கும் அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டபடி வாசலில் நின்றேன். அது ஓய்ந்தபிறகு வீட்டுக்குள் வரவே மனமில்லை.

இன்னும் யாராவது பயந்தால் என் நம்பரைக் கொடுக்கும்படி டொக்டரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் இருக்கும்வரை உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இனி அவர்களிடம் சொல்வேன். நீங்கள் நடக்காமல் போனதையும் மறைக்கமாட்டேன்.

உங்கள் மனிசி,
சரோ