என் உயரத்தை மீறிய ஸ்கீ

பிளெய்ன்ஸ்பரோ
ஞாயிறு காலை

அன்புள்ள அதிதிக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவுக்கு பி.பி.கூட இறங்கியிருக்கிறது, நீயும் அங்கே சன்னிவேலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் நான் பாதியிலேயே ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன், நீயும் இட்ஸ் ஓகேப்பா என்று வைத்துவிடுவாய். இது அப்படி ஓகே ஆகிற விஷயம் இல்லை. தமிழ்ப் பள்ளியில் படித்தது மறந்திருக்காது, மெதுவாகவே படி. நீ ஷாந்தனோடு ஒரு வாரமாகப் பேசவில்லை என்று நேற்றுக் காலை அம்மா சொன்னாள். பனிச்சறுக்கில் அவன் அப்பா என்மேல் வந்து மோதினார் என்று நான் உன்னிடம் சொன்னேன் இல்லையா, எங்கப்பா அப்படி மோதுகிறவர் இல்லையே, அங்கிள் இப்போதுதானே பழகுகிறார் என்று அவன் கேட்டானாம். மை டாட் டசின்ட் லை என்று கத்திவிட்டு நீ போனை வைத்தாயாம். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதற்கப்புறம் ஒரு வாய் இறங்கவில்லை. அவன் கேட்டது சரி, கண்ணு. பொய் சொன்னது நான்தான்.

பொங்கல் சமயத்தில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்விட்டு ஷாந்தன் வீட்டில் சாப்பிட்டோம் என்று சொன்னேனே, அன்றைக்கே என் வாய் கெட்டுவிட்டது. ஷாந்தன் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே குடும்பத்தோடு ஸ்கீயிங் போவோம் என்று அவன் அம்மா ராஜராணி சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா ரசத்தைக் குடித்திருக்கலாம். பெண் கொடுக்கப்போகிற வீட்டில் ஒரு படி குறைந்து தெரியக்கூடாது என்று ஒரு வீம்பு, நானும் இருபது வருஷமாகப் போகிறேன் என்று அடித்துவிட்டேன். அம்மா மேஜைக்கு அடியில் என் காலை நறுக்கென்று மிதித்தாள். போன வருஷம் பொக்கோனோ மலையில் ஆறு வயசுப் பிள்ளைகளோடு என்னை வரிசையில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தவள் நீ, இந்த வருஷம்தான் நீலப் பலகை வைத்த நடுத்தரச் சரிவில் விழாமல் இறங்குகிறேன்.

வாடகை ஸ்கீ போதும், சொந்தமாக வாங்கு என்று சொல்லி வாட்ஸ்அப்பில் எவ்வளவு பொறுமையாக எழுதியிருந்தாய். மெஷின் ஓட்டிச் சமப்படுத்தின சரிவில்தானே போகிறாய், நடுவில் ஒடுங்கின கார்விங் ஸ்கீயாக எடு, சாய்த்தால் அதுவே வளைந்து திரும்பும், நிமிர்த்தி வைத்தால் மூக்கைத் தாண்டக்கூடாது, விறைப்பானது வேண்டாம், கடையில் கேட்டால் இப்போதுதான் தேறிவருகிறேன் என்று உள்ளதைச் சொல்லுப்பா என்று. எல்லாம் படித்தேன். ஆனால் ஷாந்தனின் அப்பா, நம் பல் டாக்டர் தியாகராஜா, துணைக்கு நானும் வாறன் என்று கூடவே வந்துவிட்டார். கடைப்பெண் எந்த லெவல் என்று கேட்கிறாள், டாக்டர் பக்கத்தில் நிற்கிறார், எக்ஸ்பர்ட் என்றேன். அவள் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கான ஒன்றைக் கொண்டுவந்தாள், என் தலைக்கு மேல் நிற்கிறது, கையால் அழுத்தினால் அசையவே இல்லை. விழுந்தால் பூட்ஸைக் கழற்றிவிடுமே அந்த பைண்டிங், அதையும் நான் சொன்ன லெவலுக்குத் தகுந்தபடி இறுக்கிக் கொடுத்தாள். கொஞ்சம் கட்டையானதையும் ஒருக்காப் பாப்பமே என்று டாக்டர் மெல்லச் சொன்னார். இதுதான் சார் எனக்குப் பழக்கம் என்றேன். வெட்கம் கெட்டவன்.

நேற்றைக்கு முந்தின சனிக்கிழமை மலையில் பனி கல்லு மாதிரி இறுகியிருந்தது. அந்த ஸ்கீ எனக்குத் திரும்பவே மாட்டேன் என்றது. டாக்டர் எனக்குச் சற்றுக் கீழே, பக்கத்திலேயே ஊர்ந்து வந்தார். இத்தனை வருஷம் பழகினவர் இவ்வளவு மெதுவா என்று உள்ளுக்குள் இளக்காரம் வேறு. அடுத்த இறக்கத்தில் எனக்கு வேகம் பிடித்துக்கொண்டது, நிறுத்தத் தெரியவில்லை, நேரே போய் அவரை இடித்துத் தள்ளினேன். இரண்டு பேரும் ஓரத்து வலையில் போய் விழுந்தோம். என் ஸ்கீ கழலாமல் காலோடு சுழன்று அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தது. உதவிக்கு வந்த பையன் என்ன ஆச்சு என்று கேட்டதும், தப்பு என்னுடையது, நான்தான் குறுக்கே வந்தேன் என்று டாக்டர் சொன்னார். அவர் வலியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னபோது, அவர் சொன்னதைத்தானே சொல்கிறேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். எழுதும்போதே கூசுகிறது.

நேற்று தட்டை அப்படியே வைத்துவிட்டு பிரிட்ஜ்வாட்டருக்குக் காரை எடுத்தேன். கையில் மாவுக்கட்டோடு டாக்டர்தான் கதவைத் திறந்தார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவரால் யாருக்கும் பல் பார்க்க முடியாது. வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கிறார். ஷாந்தன் போன வருசமே சொன்னவன், அங்கிள் இப்பத்தான் பழகிறார் எண்டு, அதாலதான் நான் பக்கத்திலேயே வந்தனான் என்றார். விழுந்தால் என்னைப் பிடிக்கத்தான் அவர் அவ்வளவு மெதுவாக வந்திருக்கிறார், அதிதி. தெரிந்தும் கடையில் ஏன் சார் சொல்லவில்லை என்றேன். அந்தக் கடைப் பிள்ளைக்கு முன்னால சம்பந்தியை எப்பிடிக் குறை சொல்லுறது என்றார். சம்பந்தி என்ற சொல் இதுவரை என் வாயிலிருந்து அவரைப் பார்த்து ஒருமுறைகூட வந்ததில்லை. ராஜராணி மட்டும் சிரிக்கவில்லை. டீயை வைத்துவிட்டு, பிள்ளையள் கதைக்காமல் இருக்கினம், அதை முதல் பாருங்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கோபம் நியாயம்தான்.

அந்த ஸ்கீ பால்கனியில் நிற்கிறது, காபி குடிக்க உட்கார்ந்தால் என்னைவிட உயரமாக நின்று பார்க்கிறது. வருகிற சனிக்கிழமை நீ சொன்ன மாதிரி ஒன்று வாங்கக் கடைக்குப் போகிறேன். டாக்டரும் வருகிறார், இந்தமுறை நான்தான் கதைப்பன், நீங்கள் பேசப்படாது என்று இப்போதே சொல்லிவிட்டார். அம்மா முறுக்கு சுட்டு பார்சல் போட்டிருக்கிறாள், அதில் பாதி ஷாந்தனுக்கு. டாஹோவுக்கு ஸ்கீயிங் போனால் ஹெல்மெட் போடாமல் சரிவில் இறங்காதே, காருக்கு டயர் மாற்றச் சொன்னேனே, தள்ளிப்போடாதே. தபாலில் போட்டால் இது வந்து சேரும்வரை நீங்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று அம்மா இதை போட்டோ எடுத்து அனுப்பப்போகிறாள்.

நீயும் அவனும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உங்களுக்கு உண்டு. படித்து முடித்ததும் முதல் போன் எனக்கு இல்லை, ஷாந்தனுக்கு. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் நீயே இதை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டு. என் மானம் போகிறதே என்று நடுவில் எதையும் தாண்டிவிடாதே, முக்கியமாக அந்த இருபது வருஷத்தை.

இப்படிக்கு,
இரண்டு குளிர்காலமாக மட்டுமே பழகிவரும்
உன் அப்பா
பசுபதி