தனிக்கட்டை வரிசை

ஜூன் 3

அன்புள்ள சுண்டுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எந்த ஊர்ல எந்த மண்ணை அளந்துக்கிட்டு நிக்கிறியோ, தெரியல. போன் பண்ணா நாலு வார்த்தைக்கு ஒரு தடவை அறுந்து போகுது, அதான் கடுதாசி.

வெள்ளத்துல வீடு போனவங்களுக்குன்னு நீ பிளான் போட்ட முகாம்லயே உன் அக்காவும் வந்து உட்கார்ந்தாச்சு. "உங்க தங்கச்சி போட்டதாமே"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. பெருமையாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லு. குடும்பம் குட்டின்னு இருக்கறவங்களுக்கெல்லாம் முன்னாடி தெரு, தனியா இருக்கறவங்களுக்கு மட்டும் தண்ணி டேங்குக்குப் பின்னாடி பாதிப் பாதி ரூமா ஒரு வரிசைன்னு எந்த மகராசிடி உனக்குச் சொல்லிக் கொடுத்தா? இங்கே அதுக்குப் பேரே வச்சாச்சு, தனிக்கட்டை வரிசை. பால்காரர்கூட "தனிக்கட்டைக்கு எத்தனை பாக்கெட்?"னு கத்தறார். ஒரு குழந்தைச் சத்தம் இல்ல. சாயங்காலமானா ஈ காக்கா கிடையாது.

ரெண்டு பாதி ரூமுக்கும் நடுவுல ஒரு தகடு நிக்குது, அதைச் சுவர்ங்கறாங்க. அந்தப் பக்கம் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் ஒருத்தர். பட்டப்பகல்ல குறட்டை, மலை ஏறற பஸ் மாதிரி. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஹெட்போன் மாட்டின காது எனக்கு, தாங்குமா? கரண்டியால சுவத்தைத் தட்டறேன். ஒரு கியர் குறையுது, அவ்வளவுதான்.

தூறல் விழுந்தாலே உடம்பு பதறுது. பையைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னுடறேன். மத்தபடி ஒண்ணுமில்ல. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் ரெண்டு ஊர் அலைஞ்சு இங்கே வந்து சேர்ந்தது. நிலநடுக்கத்துல பாதி ஊர் உட்கார்ந்து போச்சு. ஸ்கூல் மைதானத்துல கூடாரம் போட்டு, அதுக்குள்ள மேஜை போட்டு வேலை பார்க்கிறோம். லேசா ஒரு அதிர்வு வந்தா எல்லாரும் வெளியே ஓடறோம், திரும்ப வந்து விட்ட கோட்டைப் போடறோம்.

நீ எழுதினது சுருக்குன்னு தச்சுது. தனியா இருக்கறவங்களுக்கு அமைதி வேணும்னு நானே முடிவு பண்ணிட்டேன், ஒருத்தரைக்கூடக் கேக்கல. இங்கே போடற முகாமுக்குப் பிளானை மாத்திட்டேன். நாலு குடும்பத்துக்கு நடுவுல தனி ஆள் ஒருத்தர், எல்லார் வாசலும் ஒரே முற்றத்தைப் பார்த்து. உங்க முகாமுக்கும் ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வருது. கடைசி வரிசையைக் காலி பண்ணிக் கிடங்கா மாத்திட்டு, உங்களையெல்லாம் குடும்பத் தெருக்களுக்குப் பிரிச்சுக் கொண்டுபோவாங்க. சந்தோஷம்தானே?

அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். வெள்ள நிவாரணத்துக்குப் பேர் பதிவு முடிஞ்சதும் என்கிட்ட வந்துடறேன்னு சொல்லியிருக்கே, ஞாபகம் இருக்கட்டும். உனக்கு ரூம் தயார், ஜன்னலுக்குத் திரை வரைக்கும் வாங்கியாச்சு. எனக்குத்தான் அந்த வீட்ல இருப்புக் கொள்ளல. லீவுல போனா ஒரு நாள் தாங்கறதில்ல, மறுபடியும் பெட்டியைக் கட்டிடறேன். எப்ப வர்றே?

உன் சுண்டு


ஜூலை 5

சுண்டுக்கு,

போன வாரம் ஒரு கூத்து. மத்தியானம் பெருமழை பிடிச்சுக்கிச்சு. பையோட வாசல்ல வந்து நின்னா, பக்கத்து வாசல்ல டிரைவர், அவரும் பையோட. அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "அம்மா, வண்டி வருமா?"ன்னார் பாரு! எனக்குச் சிரிப்பு அடங்கல. மழை விடற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே நின்னோம்.

அது கிடக்கட்டும். எங்களை எதுக்குடி மாத்தணும்? நான் ஏதோ வாய்க்கு வந்ததை எழுதினா உடனே உத்தரவா? இங்கே டேங்க் பக்கம், தண்ணிக்கு அலைய வேண்டாம். முன்னாடி தெருவுல பிள்ளைங்க பந்தைத் தகடுமேல அடிச்சு அடிச்சு உயிரை எடுக்குதுங்க. எனக்கு முட்டி வேற வலி. இருக்கற இடத்துலயே இருந்துட்டுப் போறோம்னு உங்க ஆபீஸ்ல சொல்லிடு.

உன் வீட்டுக்கு வர்றதைப் பத்தி அப்புறம் எழுதறேன்.

அக்கா


ஜூலை 18

அக்காவுக்கு,

உனக்கு என்ன ஆச்சு? ஒரு கடிதத்துல குழந்தைச் சத்தம் இல்லைங்கறே, அடுத்ததுல பந்துச் சத்தம் ஆகலைங்கறே. தண்ணிக் குழாய் எல்லாத் தெருவுலயும் இருக்கு, போட்டவ நான். முட்டி வலிக்குக் கடைசி வரிசையிலேர்ந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்கறதுதான் கஷ்டம். மத்தவங்களை மாத்திட்டு உன்னை மட்டும் விட்டா, டிசைன் பண்ணவளோட அக்கான்னு சலுகையாம்னு நாலு பேர் பேசுவாங்க.

இந்த மாசக் கடைசியில மாத்தறாங்க. ஒழுங்கா மாறு, இல்ல பேசாம கிளம்பி வந்துடு. டிக்கெட் போடட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு வேலையே ஓடல.

சுண்டு


ஜூலை 23

என் கண்ணு சுண்டுக்கு,

கோவிச்சுக்காதே. எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். முட்டி வலி பொய். தண்ணியும் பொய். எனக்கு இந்தச் சுவர் வேணும்டி.

அந்தப் பக்கம் அவர் பேசறார், இந்தப் பக்கம் நான் பேசறேன். நேர்ல பார்த்தா ரெண்டு பேருக்கும் நாக்கு ஒட்டிக்குது. தகடு நடுவுல இருந்தா எல்லாம் வருது. அவர் சம்சாரம் போனது, வீடு தண்ணியில சரிஞ்சதைக் கண்ணால பார்த்தது, எல்லாம் சொல்லுவார். நம்ம வீடு போனதை நான் அவர்கிட்டதான் சொல்லி அழுதேன். உன்கிட்டகூட அழல. நேத்து சொல்றார், "உங்களை ஏழாவது தெருவுக்குப் போட்டிருக்காங்க, என்னை ரெண்டாவதுக்கு. அந்த ரூட்ல பஸ் கிடையாதும்மா." சிரிச்சேன். அப்புறம் அழுகை வந்துடுச்சு, சுவர் வழியா அவருக்கும் கேட்டிருக்கும்.

ஊர் சிரிக்கும்னு தெரியும். சிரிக்கட்டும்.

உன் வீட்டுக்கு நான் வரலம்மா. அம்மா போனப்ப உனக்கு எட்டு வயசு. உன்னை வளர்த்ததை ஒரு நாளும் பாரமா நினைச்சதில்ல. நீ கைம்மாறு செய்யற மாதிரி கூப்பிடும்போதுதான் பாரமா இருக்கு. எனக்கு இது வேணும்னு உன்கிட்ட எப்பவாவது வாய் திறந்திருக்கேனா? இப்ப கேக்கறேன். எங்களைப் பிரிக்காதே.

அக்கா


ஜூலை 28

அக்கா,

படிச்சதும் கோபம்தான் வந்தது, மறைக்கல. முகம்கூடப் பார்க்காத ஒரு மனுஷன் மேல வயிறெரிஞ்சேன். கூடாரத்தைச் சுத்திச் சுத்தி நடந்தேன். கூட வேலை பார்க்கிறவங்க மறுபடியும் அதிர்வோன்னு எழுந்து நின்னுட்டாங்க.

கைம்மாறு இல்லக்கா. எனக்கு நீ வேணும். அப்படிக் கேக்க வெட்கமா இருந்தது, அதான் உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். வெறும் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா இருக்கு. அதைத் தீர்க்கறது உன் வேலை இல்ல, தெரியும். தெரிஞ்சும் வலிக்குது.

உத்தரவை நிறுத்தச் சொல்லி முகாம் ஆபீஸுக்குத் தந்தி மாதிரி ரெண்டே வரி அனுப்பிட்டேன். ஆள் ஆளாக் கேட்டு, போறேன்னு சொல்றவங்களை மட்டும்தான் மாத்தணும். முதல்ல யாரையும் கேக்காம அந்த வரிசையை வச்சேன், அப்புறம் யாரையும் கேக்காம எடுக்கப் பார்த்தேன். படிச்சவ செய்யற வேலையா இது?

இன்னொண்ணு. அந்த நடுத்தகடு கூரையைத் தாங்கல. எடுத்துட்டா ரெண்டு பாதியும் ஒரு முழு ரூம் ஆயிடும். ஆபீஸ்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும், ஸ்பேனர் தருவாங்க. ஆனா நீ ஒண்டியாக் கழற்றாதே, கனமான தகடு, மேலேயே சாயும். நீ இந்தப் பக்கம் கழற்றணும், அந்தப் பக்கம் அவர் பிடிச்சுக்கணும். அவசரமில்ல. தகடு இருந்தாத்தான் பேச்சு வருதுன்னா இருந்துட்டுப் போகட்டும்.

அடுத்த மாசம் ரெண்டு நாள் வரேன், உங்களைப் பார்க்க. அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் எழுது. வந்தா அவரை நான் எப்படிக் கூப்பிடறது? மாமான்னா கூச்சப்படுவாரா?

உன் சுண்டு