ஒரு க் குறைகிறது

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். மின்விசிறியில் சுடுகாற்று.

ஊர்ப் போர்வெல் மோட்டார் எரிந்து இன்று மூன்றாம் நாள். புதுவாயலில், மோட்டாருக்குச் செம்புக் காயில் சுற்றிக் கட்டும் கடையில் படுத்திருக்கிறது. வீட்டுக்கு இருநூறு சேர்ந்தால்தான் கடைக்காரர் விடுவார். குடிக்க லாரி வருகிறது. பெண்கள் கழிப்பறைக்கு யார் லாரி விடுவார்கள்? பூட்டிவிட்டோம். சாவி என்னிடம். குடிநீர்க் குழுச் செயலாளர், எம்.ஏ. தமிழ், வேலை இல்லை. மூன்றும் ஒரே தகுதிதான்.

ஊரில் என்னை ‘எம்மே’ என்கிறார்கள். பட்டமா, கூப்பாடா, தெரியவில்லை.

இப்போதைக்கு ஸ்டீல் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் உள்ள முள்காடுதான் கதி. போன வாரம் அந்தச் சுவர் மேல் புது விளக்குகள். பட்டப்பகல் மாதிரி.

ஸ்டெல்லாக்கா (குழுத் தலைவி, ஜெபக் கூட்டத்திலும் முதல் குரல்): “குந்தினா நெழலு ரோடு வரைக்கும் போவுது எம்மே. ஆளு நிக்குதுன்னு பஸ்காரன் பிரேக்கு போடறான்.”

செய்ய வேண்டியவை: தொட்டிச் சுவரில் அறிவிப்பு. ரசீதுப் புத்தகம். அப்பாவிடம் இருநூறு கேட்க.

ஜூன் 10, செவ்வாய்

அறிவிப்புக்கு நான்கு வரைவுகள். முதலாவதில் ‘நீர் என்பது நினைவு’ என்று இருந்தது. கிழித்தேன். கடைசியில் மூன்றே சொல்: நீர்க் கட்டணம் செலுத்தவும். இவ்வளவு நல்ல வரி நான் எழுதியதில்லை.

மாலையில் போய்ப் பார்த்தேன். பெயின்டர் முனுசாமி அண்ணன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பள்ளிப்பட்டுக்காரர், பேச்சில் தெலுங்கு கலக்கும். தொட்டிச் சுவரில் நீல எழுத்து, ஆள் உயரம்.

நீர் கட்டணம் செலுத்தவும்

“அண்ணா, ஒரு க் எங்க?”

“அடுத்ததே க-வுலதானம்மா ஆரம்பிக்குது. ஒரே எழுத்து ரெண்டு தபா இன்னாத்துக்கு? பெயிண்டுக்கு டப்பு யாரு குடுப்பா?”

“க் போனா அர்த்தம் மாறுதுண்ணா. ‘நீங்க கட்டுங்க’ன்னு ஆயிடுது.”

“அதத்தான நீ கேக்கற?”

ஏணியைத் தூக்க ஒரு கை கொடுத்தேன். ஐந்து வருட இலக்கணம்.

அப்பாவிடம் இருநூறு கேட்டதற்கு: “பாக்கலாம்.”

ஜூன் 11, புதன்

புழுக்கம். வசூல்: ஒரு வீடுகூட இல்லை.

ஊரே சுவரைப் படிக்கிறது. டீக்கடையில் ஒருவர்: “நீர் டீக்குச் செலுத்தவும்.” இன்னொருவர்: “நீரே செலுத்தும்.” கடைக்காரர் இருவரையும் பிடித்து நிறுத்தினார்.

ஸ்டெல்லாக்காவின் கணவர், ஸ்டீல் கம்பெனியில் வேலை. ரசீதுப் புத்தகத்தோடு போனால்: “எங்களுக்கு நீர்னா ஒருத்தர்தாம்மா. ஜெபத்துல ‘நீர் இரங்கும், நீர் காத்தருளும்’னு யாரச் சொல்றோம்? இப்ப ‘நீர் கட்டணம் செலுத்தவும்’. அவரு பாத்துக்குவாரு.” மேலே கை காட்டினார். தொட்டிதான் தெரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. நான் பார்த்து இதுதான் முதல் முறை.

“கர்த்தருக்கு முள்ளுக்காட்டுக்குப் போற வேலை இல்ல,” என்றாள்.

ஜூன் 12, வியாழன்

தூக்கம் சரியில்லை. என் பிழையா, முனுசாமி அண்ணன் பிழையா, மொழியின் பிழையா? மொழியின் பிழை என்றால் யாரிடம் போய் வசூலிப்பது?

பக்கத்து வீட்டு தேவகி. எட்டு மாதக் கர்ப்பிணி. முள்காட்டிலிருந்து முழங்கை கீறி வந்தாள். “லைட்டுக்குப் பயந்து இன்னும் உள்ள போனேங்கா. சறுக்கிச்சு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கழுவ அரைக் குடம் தண்ணீர் கொடுத்தேன்.

சுவரைத் திருத்துவதென்று முடிவு. முனுசாமி அண்ணனுக்கு ஞாயிறுதான் ஒழியுமாம்.

ஜூன் 13, வெள்ளி

மாலை ஆறு. கம்பெனி பஸ் தொட்டியருகே வந்து நின்றது. சுவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான், ரசீதுப் புத்தகம். சுற்றிலும் ஸ்டெல்லாக்கா, தேவகி, இன்னும் பத்துப் பெண்கள். ஏற்பாடு அக்காவுடையது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் இறங்கியது அக்காவின் கணவர்.

“யோவ், சொவுத்துல இன்னா எழுதிக்கீது? படி.”

“இன்னாடி இது, ரோட்டுல நிக்க வெச்சுக்கினு...”

“சத்தமா.”

“நீர் கட்டணம் செலுத்தவும்.”

“யாரச் சொல்லுது?”

மேலே பார்த்தார்.

“மேல பாக்காத. இங்க நின்னுக்கினு படிக்கிறது யாரு? நீர்தான? கட்டும்.”

பஸ்ஸே சிரித்தது. அப்புறம் பஸ்ஸே வரிசையில் நின்று வாசித்தது. ஒருவர் தனக்கு எழுத்து தெரியாது என்றார். “வாட்ஸப்புல மட்டும் கண்ணு தெரியுதா மாமா?” என்றாள் தேவகி. அவரும் வாசித்தார். நல்ல உச்சரிப்பு.

இருட்டுவதற்குள் ரசீதுப் புத்தகம் தீர்ந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று மோட்டார் வந்து இறங்கியது. இன்று காலை குழாயில் முதலில் காற்று, பிறகு துருச் சிவப்பு, பிறகு தண்ணீர். பூட்டைத் திறந்தேன். முதலில் தேவகி. வெளியே எல்லோரும் கைதட்டினோம்.

உள்ளிருந்து: “கை தட்டாதீங்கடி, வர்றதும் நின்னுடப்போவுது!”

பத்து மணிக்கு முனுசாமி அண்ணனிடம் பிரஷ்ஷும் நீலமும் வாங்கி நானே ஏணியில் ஏறினேன். ‘நீர்’ பக்கத்தில் குட்டியாக ஒரு க் வைக்க இடம் இருந்தது.

“ஏ எம்மே! இன்னா பண்ற?”

“தப்பத் திருத்தறேங்கா.”

“மாசா மாசம் வசூல் பண்ணணும். அதுல கை வெச்சேன்னா பேஜாராயிடும். எறங்கு.”

இறங்கினேன். அக்கா கையில் ரசீதுப் புத்தகம். அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து.

“சொவுத்துல இருக்கறதப் படி.”

“எதுக்குக்கா?”

“சத்தமா.”

படித்தேன். பாதியில்தான் உறைத்தது. எல்லா ரசீதும் என் கையெழுத்து. எங்கள் வீட்டுக்கு மட்டும் ரசீது இல்லை.