ஆளில்லாக் காணி

2007 மார்கழி

அன்பு மகள் நஸ்மியாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் படுத்துவிடாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கத்தாரில் நீயும் மருமகன் பைறூஸும் சின்னவனும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். போன் எடுக்கும்போதெல்லாம் ஒழுங்கைப் புதினம் கேட்கிறாய், நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறேன். உம்மா பக்கத்தில் நிற்பா, அவா அழத் தொடங்கினால் கதை அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

எங்கள் ஒழுங்கையில் மாரிக்குத் தண்ணீர் நிற்பது நீ அறிந்ததுதான். போன வருடம் அது கிணறுகளுக்குள்ளும் இறங்கிப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம். ஒரு வடிகான் கட்டித் தரச் சொல்லிக் கேட்போம் என்று நகரசபைக் கந்தோருக்குப் போனேன். வீட்டுக்காரரில் அரைவாசிப் பேருக்கு மேல் கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தால் வந்து பார்ப்போம் என்றார்கள். சண்டை நடக்கிற இந்தக் காலத்தில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுக்க யாருக்குத் துணிவு இருக்கிறது. படலை வரை வந்து, பிறகு பாப்பம் என்று உள்ளே போனவர்கள்தான் கூட. முன்வீட்டு இரஞ்சிதம் அன்ரி தன் கையெழுத்தை முதலில் வைத்துவிட்டு என்னோடு வீடு வீடாக வந்தா. அவா வந்திராவிட்டால் அந்த மனு கந்தோர் வாசலையே கண்டிராது.

ஆடி மாதம் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்து நிலமட்டம் பார்த்து அளந்தார்கள். தண்ணீர் குளத்துக்கு இறங்க ஒரே வழி, ஒழுங்கை முடிவில் இருக்கும் இளையதம்பி அண்ணையின் காணிதான். அதன் ஓரமாகக் கான் வெட்ட அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அவரும் மனைவி ஞானேஸ்வரியும் போன வருடம் வயல் பார்க்க ஓமந்தைக்கு அங்கால் முரசுமோட்டைக்குப் போனவர்கள். போன கையோடு சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டைப் பூட்டித் தந்த திறப்பு இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. நான் நிலைமையைச் சொன்னேன். அப்படியென்றால் ஆளில்லாக் காணி என்று அயலவர்கள் இரண்டு பேர் சாட்சி எழுதித் தந்தாலும் வேலை நடக்கும், ஐப்பசிக்குள் ஒன்றும் வராவிட்டால் இந்த வருட ஒதுக்கீடு வேறு ஒழுங்கைக்குப் போய்விடும் என்றார்கள். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது, அவர்களின் மேசையில் எங்களைப்போல எத்தனை ஒழுங்கைகளின் மனுக்கள் கிடக்கின்றன.

இரஞ்சிதம் அன்ரி வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினோம். அவவின் கணவர் குகதாசன்தான் கதையைத் தொடங்கினார். மஸாஹிர் அண்ணை, அவை இனி எப்ப வரப்போகினம், நீங்களும் இவவும் ஒரு கையெழுத்து வைச்சால் கான் வந்திடும் என்றார். திறப்பை என்ரை கையில தந்திட்டுப் போன மனிசனை நான் எப்பிடி ஆளில்லை எண்டு எழுதுறது, கொஞ்சம் பொறுங்கோ, அவரிட்டக் கேட்டு எடுப்பம் என்றேன். தண்ணி பொறுக்குமோ என்று மட்டும் இரஞ்சிதம் அன்ரி கேட்டா.

மகள், தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஆட்களை எல்லாம் போகச் சொல்லி நாங்கள் முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்டபோது நீ சின்னப் பிள்ளை. சமாதான காலத்தில் பாதை திறந்ததும் நான் எங்கள் வளவைப் பார்க்கப் போனேனே, திரும்பி வந்து உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அங்கே வேறொரு குடும்பம் இருந்தது. ஆளில்லாக் காணி என்று எழுதித் தங்களுக்குத் தந்தார்கள் என்று அந்த மனிசி சொன்னா. எனக்குத் தேத்தண்ணியும் தந்தா. அந்த ஒரு சொல்லை யார் எழுதினார்களோ தெரியாது, என் கையால் இன்னொருவருக்கு எழுத முடியவில்லை. இதை அந்த முற்றத்தில் நின்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பூட்டிய பாதையில் சாமான் லொறிகளை மட்டும் முறை வைத்து விடுகிறார்கள். அரிசி லொறி ஓட்டும் யோகநாதன் அப்படி ஓமந்தை தாண்டிப் போய்வருகிறவன். வழிச் சோதனையில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, இளையதம்பி அண்ணை கையெழுத்து வைக்கவேண்டிய சம்மதக் கடிதத்தை எழுதி உறையில் போடாமல் அவனிடம் கொடுத்தேன். அவனுடைய லொறிக்கு முறை வருவதற்குள் ஐப்பசி போய்விட்டது. ஒதுக்கீடும் போய்விட்டது. கார்த்திகையில் மழை பிடித்தது. நாலாம் நாள் விடியக்காலை குகதாசனுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஓட்டோ ஒழுங்கைக்குள் வர மறுத்தது. அவரைக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கினோம், கதிரையின் முன்காலை நான் பிடித்தேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர், அடி வைத்தால் சேறு இழுக்கிறது. சந்தி வரை போய்ச் சேர்ந்தது பெரிய பாடு. உயிர் தப்பியது, ஆனால் வலது கையும் காலும் போய்விட்டன. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இரஞ்சிதம் அன்ரி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். உம்மா கொண்டுபோன கஞ்சியை வாங்கினா, என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவா.

போன கிழமைதான் யோகநாதன் வந்தான். கடிதத்தில் இளையதம்பி அண்ணை கையெழுத்து வைத்திருக்கிறார். ஞானேஸ்வரி சொல்லிவிட்டதையும் சொன்னான். தண்ணி போற அளவுக்கு வெட்டட்டும், நாங்கள் இல்லையெண்டு மட்டும் ஒருத்தரும் எழுத வேண்டாம் எண்டு மஸாஹிர் அண்ணையிட்டச் சொல்லு என்றாவாம். அதை நான் நேரே இரஞ்சிதம் அன்ரியிடம் கொண்டுபோனேன். வாசலில் நின்றே சொன்னேன். கடிதத்தை வாங்கி இளையதம்பி அண்ணையின் கையெழுத்தைப் பார்த்தா. பிறகு, அங்கையும் மழைதானே, அவை எங்க படுக்கினமோ என்றா.

கந்தோரில் பழைய மனு செல்லாது, தை மாதம் புதிதாகக் கொடுங்கள் என்கிறார்கள். நேற்று மறுபடி தொடங்கினேன். குகதாசனுக்கு இடது கைப் பெருவிரலில் மை பூசி இரஞ்சிதம் அன்ரியே பிடித்து அழுத்தினா. அவர் என்னைப் பார்த்தார், வாய் கோணிக் கிடந்ததால் சிரித்தாரோ அழுதாரோ எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாரிக்குள் கான் வருமோ, அதுவரைக்கும் யார் யார் இந்த ஒழுங்கையில் இருப்போமோ, அதுவும் தெரியவில்லை.

சின்னவனை ஏர்க்கண்டிஷன் குளிரில் கிடக்க விடாதே, அவனுக்குச் சளி பிடிக்கும் உடம்பு. மருமகனுக்கு எங்கள் சலாம். உங்கள் மூவரையும் அல்லாஹ் தன் காவலில் வைத்திருக்கட்டும், உங்கள் வாசலில் ஒரு கஷ்டமும் வராதிருக்கட்டும். ஒன்றை மறவாதே, இரஞ்சிதம் அன்ரிக்கு ஒருக்கால் போன் எடு. வாப்பா செய்தது சரி என்று அவவிடம் சொல்லிவிடாதே. குகதாசன் அங்கிள் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மஸாஹிர்